இருட்டுப் போத்தலில் வந்த வாயு

பத்தொன்பது வருஷமாகப் போத்தல் கழுவி வந்தவளிடம், உனக்குப் போத்தல் கழுவத் தெரியவில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். பஞ்சாலை என்பது அவள் பேர். அவளிடம் அவளுடைய கதையைக் கேட்டால் அங்கிருந்துதான் தொடங்குவாள். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். அதுவும் நாம் தூண்டிக் கேட்டால்தான்.

கோலாலம்பூருக்குத் தெற்கே, லாபு பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் அவள். அப்பா குலை வெட்டினார். அம்மா உரம் போட்டார். பஞ்சாலை பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் தோட்டத்தில் பாதியை வீடமைப்புக்கு விற்றார்கள். குடும்பம் நீலாய் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியது. அதன்பிறகு சில வருஷம் எலக்ட்ரானிக் கம்பெனி. அங்கே ஆட்குறைப்பு வந்ததும், பக்கத்தில் இருந்த தனியார் பல்கலைக்கழகத்தில் குத்தகைக்காரரின் கீழ் தரை துடைக்கப் போனாள்.

ரசாயனக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் இல்லாத ஒரு வாரம் அவளை உள்ளே அனுப்பினார்கள். பிறகு வெளியே அனுப்பவில்லை. ஏனென்றால் அவள் கழுவினால் திரும்பக் கழுவ வேண்டியதில்லை. முதலில் சவர்க்காரம், பிறகு குழாய்த் தண்ணீர். ஒரு பகல் முழுக்க அமிலத்தில் ஊறல். வடித்த தண்ணீரில் மூன்று அலசல். கடைசியில் கவிழ்த்து அடுப்பில் காய வைப்பது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்; ஒரு சொட்டு ஒட்டி நின்றால் மறுபடி முதலிலிருந்து. அமிலம் கையுறையைத் தாண்டி விரல் நுனிகளைத் தின்றிருந்தது. ஊழியர்கள் வேலைக்கு வந்ததைக் கைரேகை வைத்துப் பதியும் இயந்திரம் அவளுடைய ரேகையை ஏற்காது; அவளுக்கு மட்டும் அட்டை கொடுத்திருந்தார்கள்.

நாளடைவில் வாயுவைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். அதை லேப்பில் ஜிசி என்பார்கள். ஊசியில் கொஞ்சம் வாயுவை எடுத்துச் செலுத்தினால், அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று திரையில் முகடு முகடாகக் காட்டும். பட்டம் பெற்ற மாணவர்கள் அதைக் கெடுத்து வைப்பார்கள். பஞ்சாலை சரிசெய்வாள். லேப் உதவியாளர் என்று நிரந்தர வேலையும் வந்தது.

டாக்டர் புவனேஸ்வரன் அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஏற்பட்ட பெருமையை இன்றைக்கு நினைத்தால் அவளுக்கே ஆத்திரம் வருகிறது. சுவா பக்கத் தோட்டத்துப் பிள்ளை, வெளிநாட்டில் படித்தவர், நம்மவர். முதல் நாளே அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டார். அவருக்காகவே ஒரு தோசையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போவாள்.

அவருடைய ஆராய்ச்சி ஒளி வினையூக்கி. தண்ணீரில் ஒரு தூளைப் போட்டு வெளிச்சம் காட்டினால், தூள் அந்த வெளிச்சத்தின் சக்தியை வாங்கித் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். எரித்தால் கரியும் புகையும் வராத எரிபொருள் அது. தூள் செய்வது பஞ்சாலையின் வேலை. யூரியாவை மூடிபோட்ட பீங்கான் கிண்ணத்தில் அடைத்து, ஐந்நூற்றைம்பது டிகிரி உலையில் நான்கு மணி நேரம் வைத்தால், வெளிர்மஞ்சளாக, பஞ்சைப் போல லேசாக வரும். அதன்மேல் துளி நிக்கலை ஏற்ற வேண்டும். உலையைத் திறக்கும்போது வரும் காரநெடியில் மாணவர்கள் ஓடுவார்கள். உரம் போட்டு வந்த அம்மாவின் சட்டையில் அதை முகர்ந்தே வளர்ந்தவள் நிற்பாள்.

வெறும் தண்ணீரில் அந்தத் தூள் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதற்கு ஈடுகொடுக்க ஒரு விலையுயர்ந்த ரசாயனத்தைக் கலப்பார்கள். அந்த ரசாயனத்துக்குப் பதில் செம்பனை ஆலையின் கழிவுநீரைக் கலந்தால் என்ன என்று டாக்டர் யோசித்தார். யோசனை நல்லதுதான். பஞ்சாலையின் கணவன் முருகையா ஓர் ஆலையின் கழிவுநீர்க் குளத்தில் வேலை பார்த்தான். அவனே வாரம் ஒரு பீப்பாய்த் தோம்பு நிறைய அந்த நீரைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஐந்து மணி நேரச் சோதனைகளில் பெரிதாக எதுவும் வரவில்லை. பிறகு டாக்டர் சோதனையை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு நீட்டச் சொன்னார். ஹைட்ரஜன் கொட்டியது. நேரம் ஆக ஆக வேகம் கூடியது. எந்த வினையூக்கியும் நாளாக நாளாகக் களைத்துப்போகும். இது இளமையாகிக்கொண்டே போனது. அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டியவர் சந்தோஷப்பட்டார். ஆய்விதழில் கட்டுரை வந்தது. முருகையாவின் ஆலையிலேயே கண்ணாடி மூடிய பெரிய தொட்டி ஒன்றைக் கட்டிக்காட்டப் பேச்சு நடந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் டாக்டர் பேசினார். “நம்ம தோட்டத்துக் கழிவுல இருந்து நாளைக்கு பஸ் ஓடும்! உலகம் நம்மள திரும்பிப் பாக்கும்!” மூன்றாவது வரிசையில் இருந்த பஞ்சாலை கை சிவக்கத் தட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆய்வு மாணவி அல்ஃபியா, தம்பியின் நிச்சயத்துக்காக லோபாக்கில் உள்ள வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்கு அது நான்காம் வருஷம். ஆய்வேடு மட்டும் பாக்கி. பஞ்சாலை தனியாக ஆறு போத்தல்களை நிரப்பினாள். தூள், தண்ணீர், கழிவுநீர். உள்ளிருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு வெளியேற்றி, ரப்பர் மூடி. விளக்கின் முன் வைக்கப் போனால் ஆறாவது விளக்கு எரியவில்லை. புது விளக்கு திங்கள்தான் வரும். தயார்செய்த போத்தலில் வெளிச்சம் பட்டு வீணாக வேண்டாம் என்று அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கள் காலை அந்தப் போத்தலின் ரப்பர் மூடி வயிறு மாதிரி உப்பியிருந்தது.

ஊசியில் எடுத்து ஜிசியில் விட்டாள். ஹைட்ரஜன் முகடு திரையின் உச்சிக்கே போனது. போத்தலை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று பயந்து மறுபடி எடுத்தாள். அதே முகடு. தாளைப் பிரித்து எண்ணைப் பார்த்தாள். ஆறு.

அல்ஃபியா வந்ததும் திரையைக் காட்டினாள்.

“அக்கா, இது லைட்டே படாத போத்தலா? கன்ஃபர்மா?”

“நான்தானே சுத்துனேன்.”

அல்ஃபியா நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஃபர்ஸ்ட் இயர்ல இருட்டுல வெச்சுப் பாத்தோம்க்கா. ஒண்ணுமே வரல. ஆனா அஞ்சு மணி நேரந்தான் வெச்சோம். அப்புறம் அது தேவையில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

அன்று மாலை சாப்பிடும்போது பஞ்சாலை முருகையாவிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

“அந்தத் தண்ணி சும்மா கெடந்தாலே பொங்கும்லா. எங்க கொளத்துல வந்து பாரு, நாள் பூரா கொப்புளம். உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு. அது எண்ணெய்யத் தின்னுட்டு காத்து விடுது. எங்கள மேக்க நிக்குற மண்டோருக்கே தெரியும் இது.”

பஞ்சாலைக்குப் புரிந்துவிட்டது. தூள் ஒன்றும் செய்யவில்லை, வெளிச்சமும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷமாக அவர்கள் கிருமி விட்ட வாயுவை அளந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த இரண்டு வாரம் அவளும் அல்ஃபியாவும் முறையாகச் செய்தார்கள். கழிவுநீரை நீராவி அழுத்தத்தில் கொதிக்கவைத்துக் கிருமியைக் கொன்று விளக்கின் முன் வைத்தார்கள்; வாயு முப்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. தூளே போடாமல், கொதிக்கவைக்காத நீரை இருட்டில் வைத்தார்கள், மூடி உப்பியது. விளக்கின் முன் வைத்தவற்றில் கொஞ்சம் கூடுதலாக வருவது ஏன் என்றும் பார்த்தார்கள். விளக்குச் சூடு. தாள் சுற்றிய போத்தலை அதே சூட்டு வெந்நீரில் வைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இருவரும் டாக்டரின் அறைக்குப் போனார்கள். பஞ்சாலைதான் பேசினாள். அவர் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாள்வரை போய் மூடி வைத்தார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

“போத்தல யாரு கழுவுனா?”

“நான்தான் டாக்டர்.”

“அப்ப போத்தல்லதான் பாக்டீரியா இருந்திருக்கு.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் பஞ்சாலை சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அமிலத்துல ஊறப்போட்ட போத்தல்ல எப்படி டாக்டர் பூச்சி வரும்? கழிவுத் தண்ணியிலயே கோடி கோடியா இருக்கு.”

“அக்கா, நீங்க கழுவுற வேலைய சரியா பாருங்க. சயன்ஸ நான் பாத்துக்குறேன்.” பிறகு அல்ஃபியாவிடம், “இதெல்லாம் தீசிஸ்ல வேணாம். மூணு மாசத்துல முடிக்கணுமா, வேணாமா?”

அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அதையே சொன்னார்: போத்தல்கள் சரியாகக் கழுவப்படாததால் சில அளவுகள் கெட்டுவிட்டன. அல்ஃபியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கூட்டம் முடிந்ததும் கழுவும் அறைக்கு வந்து அழுதாள்.

“அத்தா கடைக்கு சாப்பிட வர்றவங்ககிட்டல்லாம் மக டாக்டராவப் போறான்னு சொல்லி வெச்சிருக்காருக்கா. நான் என்னா செய்ய?”

“நீ வாயத் தொறந்திருக்கணும். நான் கழுவுன போத்தல்லதானே நாலு வருஷமா வேல செஞ்ச? ஒரு நாளாச்சும் அழுக்கு பாத்தியா? அழுவுறதுன்னா வெளிய போயி அழு.”

இரக்கப்பட்டிருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மலாயில் இருந்தது. கவனக்குறைவால் ஆராய்ச்சிக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது, பதினான்கு நாளில் பதில் தருக. பஞ்சாலை அதை நின்றபடியே இரண்டுமுறை படித்தாள். அன்று பிற்பகல் அவள் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை விழுந்து உடைந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் உடைத்த சாமான் அதுவே முதல்.

வீட்டில் முருகையா பயந்தான். “சாரின்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துட்டு விடேன்லா. வேல போயிருச்சுன்னா?”

“எதுக்கு சாரி? என்னா தப்பு செஞ்சேன்னு சாரி?” தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “அவரு படிச்சவரு, தப்பா சொன்னாலும் சரியாத்தான் இருக்கும். நான் கழுவுறவ, சரியா சொன்னாலும் அழுக்குத்தான். அப்படித்தானே? மெஷினு என் கைய ஆளுன்னே ஒத்துக்க மாட்டேங்குது. அந்தக் கையப் பாத்து அழுக்குன்னு எழுதுறாரு!”

முருகையா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலை குளத்திலிருந்து புதுத் தோம்பு நீர் கொண்டுவந்து வைத்தான்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் டாக்டர் ஷரீஃபா, வேறு துறையின் ரசாயனப் பேராசிரியர், தமிழ் தெரிந்தவர். கண்டிப்பானவர் என்று பேர். நிர்வாக அதிகாரி ஒருவர், விரிவுரையாளர் ஒருவர். எதிரே டாக்டர் புவனேஸ்வரன். பஞ்சாலை ஒரு தட்டில் ஆறு காலிப் போத்தல்களோடு உள்ளே போனாள். மலாயில்தான் பேசினாள், எழுதி வைத்துப் படிக்கவில்லை.

“நான் கழுவியதால்தான் வாயு வருகிறது என்கிறார். சரி, நான் தொடவில்லை. நீங்களே கழுவுங்கள்.”

நிர்வாக அதிகாரி, இது அதற்கான இடமில்லை என்று ஆரம்பித்தார். டாக்டர் ஷரீஃபா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “எது எதற்கான இடம் என்று நான் சொல்கிறேன்.” பிறகு தமிழில் பஞ்சாலையிடம், “எங்க கழுவணும்? கூட்டிட்டுப் போங்க.”

கதவு திறந்தது. அல்ஃபியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. கையில் சோதனைக் குறிப்பேடு. “நானும் சொல்லணும்,” என்றாள். குறிப்பேட்டை மேசையில் வைத்தாள். “பஞ்சாலையக்கா பேசுனது எல்லாம் சரி. கூட்டத்துல நான் பேசாம இருந்தது தப்பு.” டாக்டர் புவனேஸ்வரன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் நகராமல் நின்றாள்.

டாக்டர் ஷரீஃபா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே கழுவினார். அவரே நிரப்பினார், அவரே மூடினார், மூடிமேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் எல்லார் முன்னிலையிலும் திறந்து அளந்தார்கள். தூளே இல்லாத இருட்டுப் போத்தல் ஜிசியின் திரையில் உச்சிக்குப் போனது. கொதிக்கவைத்தது, விளக்கின் முன்னிருந்தும், தரையோடு தரையாகக் கிடந்தது.

“கழுவியது நான்,” என்றார் டாக்டர் ஷரீஃபா.

கடிதம் ரத்தானது. இரண்டு வரியில் ரத்து. வருத்தம் என்ற சொல் அதில் இல்லை. ஆலையில் தொட்டி கட்டும் திட்டம் நின்றது. டாக்டர் தமது கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்: நுண்ணுயிர்களின் பங்கும் இருந்திருக்கக் கூடும் என்று. இருந்திருக்கக் கூடும்! அந்த வார்த்தையை அல்ஃபியா படித்துக் காட்டியபோது பஞ்சாலை மேசையில் ஓங்கி அடித்தாள். அரையாண்டில் அவர் கோலாலம்பூரில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார்.

போகும் நாளில் நடைவழியில் எதிர்ப்பட்டார். கையில் புத்தகப் பெட்டி.

“வரேன்க்கா. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க.”

“வெச்சுப்பேன் டாக்டர். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்களும் மில்லுப் பக்கம் வளந்தவருதானே. அந்தக் கொளம் பொங்குறத பாத்ததே இல்லியா?”

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“பாத்திருக்கேன்.”

“அப்பறம்?”

“நாலு வருஷம்க்கா. எல்லாரும் எதிர்பாத்துட்டு இருந்தாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும்.”

“நம்ம ஆளுல நான் இல்லியா டாக்டர்?”

மின்தூக்கி வந்தது, போய்விட்டார். ஒன்றும் தெரியாமல் செய்திருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பேன் என்று பஞ்சாலை இன்றைக்கும் சொல்கிறாள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க, அவருக்கு ஒரு அழுக்குக் கை தேவைப்பட்டது. தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு கைதான் அதற்குக் கிடைத்தது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அல்ஃபியா டாக்டர் ஷரீஃபாவின் கீழ் ஆய்வேட்டை மறுபடி எழுதினாள். கூடுதலாகப் பதினான்கு மாதம் ஆனது. கிருமி இல்லாத நீரில் தூள் உண்மையாகத் தரும் ஹைட்ரஜனின் அளவு மிகச் சின்னது. அதைக் கூட்ட என்ன வழி என்று அவளும் பஞ்சாலையும் உலையோடு மல்லுக்கட்டினார்கள். ஒருமுறை வெந்த தூளைப் பரப்பி மறுபடி சூடாக்கினால் அதன் அடுக்குகள் மெலிந்து, வெளிச்சம் படும் பரப்பு கூடும் என்று கண்டார்கள். அளவு இரண்டு மடங்கானது. சின்னதின் இரண்டு மடங்கு. பஸ் ஓடாது, சைக்கிள் விளக்குகூட எரியாது. ஆனால் விளக்கை அணைத்தால் அதுவும் நின்றது. அதைப் பார்க்கத்தான் அவர்கள் விளக்கைத் திரும்பத் திரும்ப அணைத்தார்கள்.

அந்தக் கட்டுரையில் அல்ஃபியாவுக்கு அடுத்த பேராகப் பஞ்சாலையின் பேர் இருந்தது. அல்ஃபியா தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இப்பவாச்சும் கோவம் போச்சாக்கா?”

“பேரு போட்டா போயிருமா? பேரு வேல செஞ்சதுக்கு. கோவம் வேற கணக்கு.” சொல்லிவிட்டு, ஒரு எழுத்து தவறாக இருப்பதைச் சுட்டிக்காட்டி மாற்றச் சொன்னாள்.

இந்த வருஷம் அந்த லேப்புக்குப் புதிதாக ஒரு விரிவுரையாளர் வந்திருக்கிறார். இளைஞர், நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். போன மாதம் ஒரு கம்பெனியிலிருந்து நான்கு பேர் தூளைப் பார்க்க வந்தார்கள். அவர் அளவைச் சொன்னார். முந்தின வாரச் சோதனைகளில் பெரும்பாலும் கிடைத்த அளவைவிட அது ஒன்றரை மடங்கு. அறைக் கோடியில் வாயு உருளையை மாற்றிக்கொண்டிருந்த பஞ்சாலை, திருகுச் சாவியைக் கீழே வைக்காமலே திரும்பினாள்.

“அது ஒரே ஒரு தடவை வந்தது டாக்டர். மற்ற நான்கு தடவையும் குறைவு,” என்றாள் மலாயில், நான்கு பேருக்கும் கேட்கும்படி.

விரிவுரையாளரின் முகம் சிவந்தது. வந்தவர்களில் ஓர் அம்மாள் குறிப்பேட்டைத் திறந்து, அந்த நான்கு அளவுகளும் என்ன என்று பஞ்சாலையைப் பார்த்துக் கேட்டார். பஞ்சாலை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.